மாரிக்கண்ணு கேட்காத மன்னிப்பு

ஏழாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். பதினேழு நாள் கூலி. நாளுக்கு நானூற்றைம்பது என்று பேசி, ஒரு நாள்கூடக் குறையாமல் உழைத்த காசு. தில்லைநாயகம் அதை மாரிக்கண்ணுவுக்குக் கொடுக்காமல் நாற்பது நாள் ஓட்டிவிட்டார். அவருக்கு அது ஒரு கூடாரத்தின் இரண்டு ராத்திரி வாடகை. போனில் கேட்டால் அடுத்த வாரம் என்பார். அடுத்த வாரம் கேட்டால் போனை எடுக்க மாட்டார்.

ஏரலுக்கு மேற்கே ஆற்றங்கரைத் தென்னந்தோப்பில் அவர் எட்டுக் கூடாரம் அடித்து வைத்திருந்தார். நான்கு துடுப்புப் படகு, பத்து சைக்கிள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். காலையில் படகு விடுவார்கள். கழுத்தில் தொலைநோக்குக் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு குளத்துப் பறவைகளைப் பார்ப்பார்கள். வெயில் தாழ்ந்ததும் கொற்கை வரைக்கும் சைக்கிளில் போய்விட்டுத் திரும்புவார்கள். அவர்களுக்குச் சோறு ஆக்கி, பாத்திரம் விளக்கி, கூடாரம் கூட்டி, கக்கூஸ் கழுவுகிற வேலை மாரிக்கண்ணுவுடையது. அதற்கு முன்னால் முப்பது வருசம் அவள் வாழைத்தார் சுமந்தவள். வெள்ளம் வந்து வாழையையும் தோட்டத்து மண்ணையும் சேர்த்து வாரிக்கொண்டு போன பிறகு சுமக்கத் தார் இல்லை. ஐம்பத்து நாலு வயதில் பிடரியும் இனி முடியாது என்று சொல்லிவிட்டது. அதனால் இங்கே வந்தாள்.

அந்த வேலையிலிருந்துதான் ஒரு நாள் காலையில் போன் போட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம், சொல்லும்போது வா என்று நிறுத்தினார். காரணம் கேட்டாள். கூட்டம் இல்லை என்றார். கூட்டம் இல்லாமலா பொங்கல் முடிந்தும் தோப்புக்குள் கார் நிற்க இடமில்லாமல் கிடந்தது?

காரணத்தை முத்துராணிதான் கொண்டுவந்தாள். முத்துராணி மாரிக்கண்ணுவின் புருசனுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி, அதே தோப்பில் கூட வேலை செய்தவள், பத்தாவது வரைக்கும் படித்தவள். போனை நீட்டிக்கொண்டே வாசலில் ஏறினாள்.

"மயினி, ஒங்களப் பத்திப் போட்டிருக்கு."

தோப்பில் தங்கிவிட்டுப் போனவர்கள் இடத்தைப் பற்றி நல்லதும் கெட்டதும் எழுதிவைக்கிற பக்கம் அது. எழுதியது இங்கிலீசில். போனே அதைத் தமிழாக்கிக் கொடுத்தது. முத்துராணி வாசித்தாள். எங்களைப் போன்ற ஜோடிகளை வரவேற்கிறோம் என்று போட்டிருந்ததை நம்பி வந்தோம். ஆறு அழகு, சாப்பாடு நன்று. ஆனால் சமையல் செய்யும் மாரிக்கண்ணு என்கிற அம்மா எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்களுக்குப் பரிமாறாமல் வேறு ஆளை அனுப்பினார். எங்கள் தட்டைக் கழுவ மாட்டேன் என்றாராம். அதனால் எங்களை இரண்டு கூடாரத்தில் பிரித்துத் தங்க வைத்தார்கள். உரிமையாளர் திறந்த மனது உள்ளவர், எங்களிடம் மிகவும் வருத்தப்பட்டார். படிக்காத வேலையாட்களை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் பாவம்.

வாசித்து முடித்த முத்துராணி நிமிர்ந்து பார்த்தாள்.

"தட்டக் கழுவ மாட்டேன்னு சொன்னீயளா மயினி?"

"ஏட்டி, நீதான பக்கத்துல நின்ன. கழுவுனது யாரு?"

"நீங்கதான்."

"பெறவு என்னத்துக்கு என்கிட்ட கேக்க?"

மாரிக்கண்ணுவுக்கு அந்த இரண்டு பிள்ளைகளும் நன்றாக நினைவில் இருந்தார்கள். தை மாசக் கடைசியில் வந்தவர்கள். ஒருத்தி கெசியா, பாளையங்கோட்டை வாத்தியார் வீட்டுப் பிள்ளை. இன்னொருத்தி பொன்செல்வி, அம்பாசமுத்திரம் பக்கம். இரண்டு பேருக்கும் பெங்களூரில் வேலை. படகில் ஏறுவதற்காகக் கரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்கள். அப்போதுதான் மாரிக்கண்ணு பார்த்தாள். இரண்டு பேர் காலிலும் மெட்டி. தேயாத, கறுக்காத புது மெட்டி. கையில் மருதாணிச் சிவப்பும் மங்கவில்லை.

முத்துராணி கூச்சப்படாமல் அவர்களிடமே கேட்டுவிட்டு வந்து சொன்னாள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்களாம். எட்டு நாள்தான் ஆகிறதாம்.

இரண்டு பெண்கள் எப்படிக் கட்டிக்கொள்வார்கள் என்று மாரிக்கண்ணுவுக்கும் தோன்றத்தான் செய்தது. பொய் சொல்வானேன். அடுப்பு மூட்டுகிற நேரம் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் படகில் ஒருத்தி துடுப்பைத் தவறவிட்டதும் மற்றவள் சிரித்த சிரிப்பு கரை வரைக்கும் கேட்டது. வேறு எந்தப் புதுச் சோடியும் சிரிக்கிற சிரிப்புதான் அது. சரி, கட்டிக்கொண்டார்கள் என்றால் கட்டிக்கொண்டார்கள், அதற்கு மேல் நமக்கென்ன என்று தேங்காயைத் துருவ உட்கார்ந்தாள். யாரும் கேட்காமலே பால் பிழிந்து பாயசம் வைத்தாள்.

வைத்தாள், ஆனால் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அவள் தாலி அறுத்தவள். வாழைக்குள் பாம்பு கடித்துப் புருசன் போய்ப் பதினோரு வருசம். அன்றிலிருந்து எந்தக் கலியாண வீட்டிலும் அவளை யாரும் வராதே என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல அவசியமே வரவில்லை, அவளே பின்வாசல் வழியாகப் போய் அடுப்படியில் நின்றுகொள்வாள். நூறு பேருக்குச் சோறு வடிப்பாள், பந்திக்கு எடுத்துவர மாட்டாள். புதுச் சோடி வெளியே கிளம்பினால் எதிரே வர மாட்டாள். பெற்ற மகள் கலியாணத்திலேயே அப்படித்தான் நின்றாள். அதே மரியாதையைத்தான் இந்தப் பிள்ளைகளுக்கும் செய்தாள். முத்துராணியிடம் தட்டைக் கொடுத்து அனுப்பினாள். தோப்புப் பாதையில் அவர்கள் எதிரே வந்தபோது, கிளம்புகிற நேரத்தில் நம் முகத்திலா முழிக்க வேண்டும் என்று தென்னைப் பக்கம் திரும்பி நின்றாள். இதில் யார் பெண், யார் மாப்பிள்ளை என்கிற கேள்வி அவளுக்கு வரவே இல்லை.

அன்று சாயங்காலம் பக்கத்துத் தோப்புக்காரர் வேலியோரம் நின்று, அந்தப் பிள்ளைகளைக் கைகாட்டித் தில்லைநாயகத்திடம் என்னமோ கேட்டதை அவள் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் தில்லைநாயகமே பொன்செல்வியின் பையைத் தூக்கிக்கொண்டு கடைசிக் கூடாரத்துக்குப் போனார். கூடாரத் துணி கிழிந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இப்போது, முத்துராணி வாசித்ததைக் கேட்ட பிறகு, எல்லாம் விளங்கியது. பக்கத்துத் தோப்புக்காரர் கேட்ட ஒரு கேள்விக்குப் பயந்தது அவர். அந்தப் பயத்தை மடித்துக் கட்டி ஏற்றிவைத்தது இவள் தலையில். முப்பது வருசம் தார் சுமந்த தலைதானே, இதையும் சுமக்கும் என்று.

சேதி ஊருக்குள்ளும் பரவியது. அதுதான் அவளை இன்னும் எரித்தது. ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை, மெச்சினார்கள். ரேசன் கடை வரிசையில் ஒரு ஆள், ஒரு காலத்தில் அவளுக்கு வாழைத்தார்க் கூலியில் பாதி கொடுத்து ஏமாற்றின ஆள், திரும்பிப் பார்த்துச் சொன்னான்.

"நல்ல காரியம் செஞ்ச மாரிக்கண்ணு. அதுகளுக்கெல்லாம் சோறு போடலாமா?"

"நான் போட்ட சோத்தத்தான் அந்தப் பிள்ளையள் ரெண்டு நாளும் தின்னுச்சுவ" என்றாள் அவள். "நீ எனக்குத் தரவேண்டிய பாக்கி என்னாச்சு?"

அவன் அரிசிப் பையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அந்த வாரமே தில்லைநாயகம் அவராகவே கூப்பிட்டார். வண்ணார்பேட்டையில் இருந்த தன் ஆபீசுக்கு வந்து கூலியை வாங்கிக்கொள்ளச் சொன்னார். பஸ் காசும் தருவதாகச் சொன்னார். நாற்பது நாள் எடுக்காத போன் தானாக அடிக்கிறது என்றால் சும்மா இருக்காது என்று மாரிக்கண்ணுவுக்குத் தெரியும். ஆனாலும் போனாள். கூலி அவளுடையது.

ஆபீஸ் மாடியில் இருந்தது. சுவரில் ஆறு நிறத்தில் பட்டை பட்டையாக ஒரு கொடி. தோப்பில் "ஏ மாரிக்கண்ணு" என்று கூப்பிடுகிறவர் இன்றைக்கு "வாங்க மாரியக்கா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வாங்கிவரச் சொன்னார். அவள் கொடியைப் பார்ப்பதைக் கண்டு, எல்லாரும் வரலாம், யாரும் யாரோடும் வரலாம் என்று அதற்கு அர்த்தம் என்றார்.

"தோப்பு வாசல்ல இதக் காணமே அண்ணாச்சி."

"அங்கன கட்டுனா ஊர்க்காரன் சும்மா விடுவானா?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பிறகு விசயத்துக்கு வந்தார். இப்படிப்பட்ட ஜோடிகள் பயமில்லாமல் தங்க இடம் தேடுகிற இணையப் பக்கம் ஒன்று உண்டு. அதில் அவர் தோப்பின் பெயரும் இருந்தது. அந்தப் பிள்ளைகள் எழுதியதைப் பார்த்து, பக்கத்தை நடத்துகிறவர்கள் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். மாச வருமானத்தில் பாதி போயிற்று. தப்புச் செய்த வேலையாள் மன்னிப்புக் கேட்டு, அந்த இரண்டு பேரும் அதை ஏற்றுக்கொண்டால் திரும்பச் சேர்ப்பார்கள். இவ்வளவையும் அவர் சொன்னது ஏதோ மழை பெய்ததைச் சொல்கிற மாதிரி. ஒரு காகிதத்தையும் மைப்பெட்டியையும் அவள் பக்கம் தள்ளினார்.

"கூலி ரசீதும் அதுலயே இருக்கு. பெருவிரல் வச்சிட்டுக் காச எடுத்துக்கிடுங்க."

மாரிக்கண்ணு காகிதத்தைக் கையில் எடுத்தாள். மூன்று வருசத்துக்கு முன்பு ரேசன் கடைக்குப் பக்கத்து அறையில் சாயங்கால வகுப்பு நடந்தது. தார் சுமந்த வலியோடு போய் உட்கார்ந்து எழுத்துக் கற்றவள் அவள். வேகமாக வராது. ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுத்தான் போக வேண்டும். அவர் காற்றாடியின் வேகத்தைக் கூட்டினார், போனைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அவள் விரல் வரிக்கு வரி இறங்கிக்கொண்டிருந்தது. படிப்பறிவு இல்லாத காரணத்தால் விருந்தினர்களை நான் அருவருப்பாக நடத்தினேன். அவர்கள் தட்டைத் தொட மறுத்தேன். முதலாளி எனக்கு நல்ல புத்தி சொல்லித் திருத்தினார். இனி இப்படி நடக்க மாட்டேன்.

"அண்ணாச்சி, இதுல கூலியப் பத்தி ஒண்ணும் இல்லியே."

அவர் முகம் மாறியது. "படிப்பீங்களா?"

"பையப் படிப்பேன்."

கொஞ்சம் தடுமாறினார். ஆனால் அவர் பேசிப் பிழைக்கிறவர், உடனே நிமிர்ந்துவிட்டார். "ஒரு கையெழுத்துதான மாரியக்கா. ஒங்களுக்கு என்ன கொறஞ்சிரப் போவுது? நீங்க கேட்டா, பாவம் ஊர்ப்பொம்பள, தெரியாமச் செஞ்சிட்டான்னு விட்டுருவாங்க. நான் கேட்டா என் தொழில் போச்சு."

இதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமே இல்லை. நியாயம் பேசுகிற குரலில் சொன்னார். எனக்கு விலை அதிகம், உனக்கு விலை கம்மி, ஆகவே நீ அழுக்காகு என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. மாரிக்கண்ணுவுக்குக் காது மடல் சுட்டது. இருந்தாலும் குரலை உயர்த்தவில்லை.

"அந்தப் பிள்ளையள்ட்ட நானே பேசணுமா?"

"ரெண்டு வார்த்த போதும். பதினோரு மணிக்குப் போன்ல வாராங்க. தெரியாமச் செஞ்சிட்டேன், மன்னிச்சிருங்கன்னு சொன்னாப் போதும்."

"போடுங்க. சொல்லுதேன்."

அவர் மகிழ்ந்துபோனார். போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்தார். இரண்டு முகமும் தெரிந்தது. கெசியா விறைப்பாக இருந்தாள். பொன்செல்வி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். தில்லைநாயகம் இங்கிலீசில் குழைந்து குழைந்து எதையோ பேசிவிட்டு, அவளைப் பேசச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"பிள்ளைகளா, நாந்தான் மாரிக்கண்ணு. ஒங்களக் கண்டு மூஞ்சத் திருப்புனது நெசம். சோத்த நான் கொண்டு வராததும் நெசம். நான் தாலி அறுத்தவ. புதுசாக் கட்டுன சோடிக்கு மொதச் சோத்த நான் போடப்பிடாது, எதுக்க வரப்பிடாது. எட்டு நாள்தான் ஆச்சுன்னு சொன்னாவ. அதான் ஒதுங்குனேன். வேற ஒண்ணுமில்ல."

கெசியாவுக்குப் புரியவில்லை. பொன்செல்விக்குப் புரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கெசியாவின் காதோடு சொன்னாள். கெசியா போனுக்குக் கிட்டே வந்தாள்.

"எங்களக் கல்யாணம் ஆனவங்கன்னு நெனச்சுத்தான் ஒதுங்குனீங்களா?"

"பெறவு? ரெண்டு பேரும் மெட்டி போட்டிருந்தீயள்லா."

தில்லைநாயகம் இருமினார். பொன்செல்விதான் கேட்டாள்.

"யக்கா, அப்பம் எங்க தட்டக் கழுவ மாட்டேன்னு சொன்னது?"

"ரெண்டு நாள் நீங்க தின்ன தட்டு அம்புட்டையும் கழுவுனது நான். பாயசம் குடிச்ச கிண்ணத்தையும் சேத்து. சொன்னது யாருன்னு இவரக் கேளுங்க. இங்கனதான் நிக்காரு."

அவள் போனை எடுத்து அவர் பக்கம் திருப்பினாள். அவர் இங்கிலீசில் ஆரம்பித்தார்.

"தமிழ்லயே சொல்லுங்க சார்" என்றாள் கெசியா. "அவங்களுக்கும் வெளங்கணும்."

ஊரில் பிரச்சினை வரக்கூடாது என்று பார்த்ததாகவும், பக்கத்துத் தோப்புக்காரர் ஒரு மாதிரி ஆள் என்றும், அவர்கள் பாதுகாப்புக்குத்தான் பிரித்துத் தங்கவைத்ததாகவும், மனசுக்குள் தனக்கு எந்த வித்தியாசமும் கிடையாது என்றும் சொல்லிக்கொண்டே போனார். மாரிக்கண்ணு கேட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரமும் அண்ணாச்சி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அதற்குமேல் அப்படிச் சொல்லவில்லை.

"பயம்னா எனக்குப் பயம்னு சொல்லியிருக்கலாம்லா. யாரு வேண்டாம்னா? பயம் எல்லாருக்கும் உண்டு. ஒம்ம பயத்துக்கு என் பேர ஏன் போட்டீரு? எழுத்துத் தெரியாதவ, அறுதலி, இவ மேல ஏத்திவச்சாக் கேக்க நாதியில்லன்னுதான? இந்தப் பிள்ளையளுக்கும் ஊருக்குள்ள எடமில்லங்கீரு, அதுக்கும் காரணம் நான்ங்கீரு. கொடி கட்டுனது நீரு, காசு வாங்குனது நீரு, பையத் தூக்கிப் பிரிச்சதும் நீரு. மன்னிப்பு மட்டும் நான் கேக்கணுமா?"

தில்லைநாயகம் போனைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

பொன்செல்வியின் குரலில் கோபம் இருந்தது. "யக்கா, எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா. எங்க கலியாணத்துக்கு ரெண்டு வீட்டுலேருந்தும் ஒரு ஆளு வரல. வந்திருந்தா, யாரு அறுத்தவ, யாரு கட்டுனவன்னா பாத்திருப்போம்?"

மாரிக்கண்ணுவுக்கு மகள் கலியாணத்தன்று அடுப்பு வெக்கையில் நின்றுகொண்டு மேளச் சத்தத்தை மட்டும் கேட்டது ஞாபகம் வந்தது. தன்னை ஒதுக்கியவர்கள் மேல் பதினோரு வருசமாக வராத ஆத்திரம் வண்ணார்பேட்டை மாடியில் வந்து நின்றது. அதை யாரிடம் சொல்ல, எப்படிச் சொல்ல என்று தெரியாமல் விழுங்கினாள்.

"ஆமா பிள்ள" என்றாள் கடைசியில். "கேட்டிருக்கணும்."

எழுதியதை மாற்றி, நடந்ததை நடந்தபடி எழுதுவதாகக் கெசியா சொன்னாள். தில்லைநாயகத்தின் பெயரையும் எழுதுவேன் என்று அவர் காதுபடச் சொன்னாள். பிறகு, கூலி எவ்வளவு நிற்கிறது என்று கேட்டாள். மாரிக்கண்ணு தொகையைச் சொன்னாள். எங்களால்தானே வேலை போயிற்று, நாங்கள் அனுப்பிவிடுகிறோம், உங்கள் எண்ணைக் கொடுங்கள் என்றாள் கெசியா.

"நீங்க எதுக்குத் தரணும்? ஒழைப்ப வாங்குனது நீங்களா?"

மேசையில் ஒரு கவர் இருந்தது. அவள் போனைப் பாட்டிலில் பழையபடி சாய்த்துவைத்துவிட்டுக் கவரைப் பிரித்தாள். எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக எண்ணினாள். ஐந்நூறு ரூபாய்த் தாள் பதினாலு இருந்தது.

"அறுநூத்தம்பது கொறையுது."

மீதியை அடுத்த வாரம் தருவதாக அவர் முணுமுணுத்தார். மாரிக்கண்ணு எழுந்திருக்கவில்லை. போனில் இரண்டு முகமும் அப்படியே இருந்தது. அவர் சட்டைப் பையில் துழாவி ஐந்நூறு எடுத்தார், மேசை இழுப்பறையில் நூறும் ஐம்பதும் எடுத்தார். பஸ் காசு என்று இன்னொரு நூறை நீட்டினார். அதை அவள் தொடவில்லை.

பெற்றுக்கொண்டதற்கு ரசீது வேண்டும் என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. அது நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. மன்னிப்புக் காகிதத்தைப் புரட்டிப் பின்பக்கம் போட்டாள். அவர் பேனாவையே வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். பதினேழு நாள் கூலி ரூபாய் ஏழாயிரத்து அறுநூற்று ஐம்பது, பாக்கி இல்லாமல் வாங்கிக்கொண்டேன். கீழே பெயரை முழுசாக எழுதினாள்.

அதற்கு மேல் ஒரு வரியும் எழுதச் சொல்லி அவர் கேட்கவில்லை.